மலையில் திணறும் புது எஸ்யூவி: குறை காரிலா, ஓட்டுவதிலா?

புது எஸ்யூவி வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. தாப்பாவிலிருந்து ஏறும்போது, ரிங்லெட்டுக்கு முந்திய வளைவுகளில் கார் ஒரு கணம் தயங்குகிறது. பிறகு திடுக்கென்று இழுக்கிறது. கீ ஃபார்ம் சந்தை நெரிசலில் ஊர்ந்து போனால் காலடியில் உதறல். ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறீர்கள். சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். மலையில நீங்க ஓட்டுற விதம் அப்படி” என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கேமரன் மலையில் ஆட்டோ கியர் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் பதில் புதிதல்ல. சில நேரம் அது உண்மை. சில நேரம் சாக்கு. எது எப்போது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் சந்தேகம்: மலை என்றால் கியருக்கு அப்படி என்ன கஷ்டம்?

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் கார் சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏறுகிறது. 1930களின் தொடக்கத்தில் மலையை ஒட்டி வெட்டி முடித்த பாதை அது. வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வரும். ஒவ்வொன்றிலும் வேகம் குறைகிறது, கியர் இறங்குகிறது, மறுபடி அழுத்துகிறீர்கள், கியர் ஏறுகிறது. சமவெளி நெடுஞ்சாலையில் ஒரு வாரம் ஓடினாலும் மாறாத அளவுக்கு ஒரே பயணத்தில் கியர் மாறுகிறது. சிம்பாங் பூலாய் பாதை பிற்காலத்தியது, அகலமானது, வளைவும் குறைவு. அந்த வழியில் கியருக்கு இவ்வளவு வேலை இல்லை.

இரண்டாவது காரணம் நெரிசல். பள்ளி விடுமுறையில் தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம் வரிசையில் மாட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏற்றத்தில் நின்று, இரண்டு அடி நகர்ந்து, மறுபடி நிற்பது கியர்பாக்ஸுக்கு மிகவும் சூடான வேலை. அதைவிடக் கடினம் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குறுகல் சாலை. எதிரே ஒரு வேன் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். தேயிலைச் செடி கண்ணாடியில் உரச, பின்னால் ஏற்றம் இருக்க, ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாகப் போவீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கிளட்ச் படும் பாடு ஈப்போ நகரில் ஒரு மாதத்துக்கும் வராது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது கியரே இல்லை, காற்று. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத என்ஜின், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 விழுக்காடு வலுவை இழக்கிறது. பிரிஞ்சாங்கில் கார் சோம்பலாகத் தோன்றி, தாப்பாவில் இறங்கியதும் சுறுசுறுப்பானால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம்.

சரி, என் காரில் இருப்பது எந்த வகை ஆட்டோ?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பயனில்லை. ஒரு வகைக்கு இயல்பான நடத்தை இன்னொரு வகைக்குக் கோளாறு. மூன்று வகை பொதுவாக ஓடுகின்றன. கார்ப் புத்தகத்திலோ விற்பனைத் தாளிலோ எழுதியிருக்கும்.

பழைய வகை, டார்க் கன்வர்ட்டர் (என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே, எண்ணெயைச் சுழற்றி அதன் வழியாகச் சக்தியைக் கடத்தும் உருளை) உள்ளது. 2019-இல் வந்த பெரோடுவா அரூஸில் இருப்பது இதுதான், நான்கு கியர். 2018 டிசம்பரில் இறக்குமதியாக அறிமுகமான முதல் புரோட்டோன் எக்ஸ்70-இலும் இதே வகை, ஆறு கியர். நடுவில் எண்ணெய் இருப்பதால் நகரத் தொடங்குவது மென்மையாக இருக்கும்.

அடுத்தது சிவிடி (பல்சக்கரக் கியருக்குப் பதிலாக, விட்டம் மாறும் இரண்டு கப்பிகளும் ஒரு வாரும் கொண்ட அமைப்பு). ஹோண்டா எச்ஆர்-வியிலும் டொயோட்டா கொரோலா குரோஸிலும் இது உண்டு. 2021-இல் வந்த பெரோடுவா அதிவாவில் வாரோடு பல்சக்கரத்தையும் சேர்த்த ஒரு கலப்பு வகை.

மூன்றாவது டிசிடி (இரண்டு கிளட்ச் கொண்ட, கணினியே கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ்). 2020-இல் உள்ளூரில் பூட்டத் தொடங்கிய எக்ஸ்70-க்கும், அதே ஆண்டு வந்த எக்ஸ்50-க்கும் ஏழு கியர் டிசிடி. இதற்குள்ளும் இரண்டு பிரிவு உண்டு. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருந்தால் ஈர வகை. காற்றில் சுழன்றால் உலர் வகை. உள்ளங்கைகளை உலர்வாக உரசிப் பாருங்கள், பிறகு எண்ணெய் தடவி உரசிப் பாருங்கள்; சூடு எதில் சீக்கிரம் ஏறுகிறது என்று தெரியும். எக்ஸ்70, எக்ஸ்50 இரண்டும் ஈர வகை. மலைக்கு அது எவ்வளவோ தேவலை.

அப்படியானால் எது இயல்பு, எது கோளாறு?

டிசிடி காரில், நெரிசலில் ஊரும்போது இலேசான உதறல் இயல்பு. உள்ளே இருப்பது கிளட்ச். மேனுவல் காரில் நாம் அரை கிளட்ச் பிடிப்பதைக் கணினி பிடிக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் ஒரு கை அகலம் பின்வாங்குவதும் நடக்கும். ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் சில நொடி தானே பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி) இருந்தால் அதுவும் தெரியாது. சிவிடியில், ஏறும்போது என்ஜின் ஒரே சுருதியில் அலறிக்கொண்டு வேகம் மெதுவாகக் கூடுவது இயல்பு. டார்க் கன்வர்ட்டர் நான்கு கியர் காரில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கியர் தடுமாறிக்கொண்டே இருப்பது இயல்பு. இருக்கும் கியர்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதால் மலையில் எதுவும் சரியாகப் பொருந்துவதில்லை. தானா ராத்தாவின் குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் கியர் தாமதமாக ஏறுவதும் குறையில்லை. எண்ணெய் சூடாகட்டும் என்று கணினி காத்திருக்கிறது.

இனி, எந்த வகை காராக இருந்தாலும் “நார்மல்” என்ற சொல்லை ஏற்கக் கூடாத இடங்கள்.

டி-க்கோ ஆர்-க்கோ மாற்றிய பிறகு, கார் இழுவை பிடிக்க இரண்டு மூன்று நொடி எடுப்பது. அதுவும் என்ஜின் சூடான பின்னும் எடுப்பது. ஒரே அழுத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆர்பிஎம் முள் திடீரென்று மேலே பாய்ந்து, வேக முள் அங்கேயே நிற்பது. இதை நழுவல் என்பார்கள், உள்ளே ஏதோ பிடிக்கவில்லை என்று பொருள். நெரிசலே இல்லாத சீரான ஓட்டத்தில், சொல்லப்போனால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், கரடுமுரடான பாதையில் போவதுபோல அதிர்வது. கியர் மாறும்போது அடியில் இரும்பு அடிக்கும் சத்தம். கருகிய வாடை. நிறுத்திய இடத்தில் சிவப்போ பழுப்போ எண்ணெய்ச் சொட்டு. எச்சரிக்கை விளக்கு. நடுச்சாலையில் இழுவையே போய்விடுவது.

கருகிய வாடையும் சூடு எச்சரிக்கையும் தவிர, இவற்றில் எதுவும் ஓட்டும் விதத்தால் ஒரே நாளில் வருவதில்லை. வாங்கி ஒன்றிரண்டு ஆண்டுக்குள் வந்தால், சந்தேகத்தின் முதல் விரல் காரைத்தான் சுட்ட வேண்டும்.

கியர் சரியாக இருக்கிறது, ஆனால் பி-யிலிருந்து மாற்றும்போது ‘டொக்’ என்று அடிக்கிறதே?

கேமரன் மலையில் அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் இது கோளாறே இல்லை. பி-யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறிய இரும்புப் பல் விழுந்து சக்கரத்தைப் பூட்டுகிறது. சரிவில் நிறுத்தி, பி-யில் போட்டு, பிரேக்கை விட்ட பிறகு கைப் பிரேக்கை இழுத்தால், ஒன்றரை டன் காரும் அந்தப் பல்லின் மேல் சாய்ந்து நிற்கும். மறுநாள் அதைப் பிடுங்கும்போதுதான் அந்த அடி. வரிசையை மாற்றுங்கள்: கால் பிரேக்கை அழுத்தியபடியே என்-னில் போடுங்கள், கைப் பிரேக்கை இழுங்கள் அல்லது பொத்தானை அழுத்துங்கள், கால் பிரேக்கை மெல்ல விடுங்கள், கார் சற்று அசைந்து கைப் பிரேக்கில் உட்காரட்டும், மறுபடி காலை வைத்துப் பி-யில் போடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஒர்க்‌ஷாப் பயணம் மிச்சம்.

உண்மையில் ஓட்டுபவர் செய்யும் கெடுதல் எது?

ஒன்று மிகப் பெரியது. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்திக் காரை அப்படியே நிறுத்தி வைப்பது. மேனுவல் லோரி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. ஆட்டோவில் இதற்கு விலை அதிகம். டிசிடியில் கிளட்ச் தேய்கிறது. டார்க் கன்வர்ட்டரில் என்ஜின் தரும் சக்தி முழுவதும் எண்ணெயைக் கொதிக்க வைக்கவே போகிறது. “டிரான்ஸ்மிஷன் சூடு” என்ற எச்சரிக்கை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நிற்கும்போது பிரேக்கை மிதியுங்கள்; ஆட்டோ ஹோல்ட் (கால் எடுத்தாலும் பிரேக் பிடித்தபடி இருக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள்.

நெரிசலில் முன் கார் இரண்டு அடி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். கிளட்ச் முழுதாகப் பிடித்து ஓடும், அரையில் உரசாது. இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைவாரே என்றால், நுழைவார்தான். கிளட்ச் மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறங்கும்போது என்-னில் போட்டு உருட்டி விடுவது இன்னொன்று. பெட்ரோல் மிச்சம் என்று இன்னமும் சொல்கிறார்கள். இன்றைய என்ஜின், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இறக்கத்தில் எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. என்-னில்தான் அது தன்னை ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கிறது. மிச்சமும் இல்லை, என்ஜின் பிடிமானமும் போய்விடுகிறது, 1,400 மீட்டர் இறக்கத்தின் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. தாப்பாவுக்குக் கீழிறங்கும்போது எல், எஸ், பி என்று உங்கள் காரில் எது இருக்கிறதோ அதையோ, கையால் கியர் இறக்கும் வசதியையோ பயன்படுத்துங்கள். இந்த ‘பி’ சில கார்களில் பிரேக் உதவிக்கான எழுத்து. நிறுத்தும் ‘பி’ அல்ல. புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். என்ஜின் 3,000, 3,500 ஆர்பிஎம்மில் உறுமுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

இந்த மூன்றையும் திருத்திய பிறகும் கோளாறு தொடர்ந்தால், “ஓட்டுற விதம்” என்ற பதில் உங்களுக்குப் பொருந்தாது.

புத்தம் புதுக் காரிலேயே கியர் கோளாறு வருமா? பெரிய நிறுவனங்கள் சோதித்துத்தானே விடுகின்றன?

வரும். 2013 டிசம்பரில் ஜப்பானில் ஹோண்டா வெஸல் அறிமுகமானது. நம்மூரில் எச்ஆர்-வி என்ற பெயரில் தெரிந்த எஸ்யூவிதான். அதன் ஹைப்ரிட் வகைக்கு ஏழு கியர் டிசிடி. 2014 பிப்ரவரியில், வெஸலும் அதே கியர் கொண்ட ஃபிட் ஹைப்ரிட்டும் திரும்ப அழைக்கப்பட்டன. கியரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை. முதல் கியர் பிடிக்கத் தாமதமாகலாம், கார் நகராமலே போகலாம். அறிமுகமாகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. ஓட்டியவர்கள் யாரும் தவறு செய்திருக்க நேரமே இல்லை. ஜப்பானிலிருந்து ரீகோன் (பயன்படுத்தி இறக்குமதியாகும்) வெஸல் வாங்குபவர்கள், அந்த வண்டியின் அடிச்சட்ட எண்ணுக்குத் திரும்ப அழைப்பு வேலை முடிந்துவிட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்பது நல்லது.

அடுத்த வழக்கைத்தான் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களில் பவர்ஷிஃப்ட் என்ற உலர் வகை டிசிடி இருந்தது. எக்கோஸ்போர்ட் சிறிய எஸ்யூவி. 2014 முதல் மலேசியாவிலும் விற்றது. ஆஸ்திரேலியாவில் உதறல், இழுவை இழப்பு என்று புகார்கள் குவிந்தன. அங்குள்ள போட்டி, பயனீட்டாளர் ஆணையம் நீதிமன்றம் போனது. 2018 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அபராதம் கியர் பழுதுக்காக இல்லை என்பதைக் கவனியுங்கள். புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக. உதறல் தரக் குறையின் அடையாளம் என்று தெரிந்திருந்தும், அது வாடிக்கையாளர் ஓட்டும் விதத்தால் வருகிறது என்று நிறுவனம் பல முறை சொல்லியிருந்தது. அதே வாசகம்தான். ஈப்போவில் உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த வாசகத்தை ஆதாரம் கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அப்படியானால் ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது?

சமதரையில் கோளாறு வராது. அதுதான் மலைவாசியின் சங்கடம். ஆகவே கோளாறு வரும் இடத்தை நீங்கள்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் ஒன்றாகத் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுக்கட்டும். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது. என்ஜின் சூடா குளிரா, எந்த இடம், காரில் எத்தனை பேர், எவ்வளவு சுமை, என்ன கியர் என்பதை வாயால் சொல்லிக்கொண்டே எடுத்தால் பிறகு எழுதும் வேலை இல்லை.

வாடகைக்கோ கடனுக்கோ கிடைக்கும் கணினி வாசிப்புக் கருவியை (காரின் கோளாறு எண்களைக் காட்டும் சிறு பெட்டி) செருகிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எண்ணை அழிக்காதீர்கள். அண்டை வீட்டுத் தம்பி நல்லெண்ணத்தில் “கிளியர் பண்ணிட்டேன் அண்ணே, விளக்கு போயிடுச்சு” என்பார். விளக்கோடு ஆதாரமும் போய்விடும். கோளாறு எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில் வந்தது என்ற குறிப்பும் அந்த எண்ணோடுதான் பதிவாகியிருக்கும்.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

முதலில், நீங்கள் சொல்லும் குறையை ஜாப் ஷீட்டில் (வேலைப் பதிவுத் தாள்) உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். “கியர் செக்” என்று இரண்டு சொல்லில் முடித்தால் கையெழுத்துப் போடாதீர்கள். “ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, எச்சரிக்கை விளக்கு எரிந்தது” என்று இருக்க வேண்டும். காரை எடுக்கும்போது அதே தாளில் என்ன சோதித்தார்கள், கோளாறு எண் ஏதும் இருந்ததா, மென்பொருள் புதுப்பித்தார்களா என்பதும் இருக்கட்டும். “நார்மல்” என்றால் “நார்மல்” என்றே எழுதித் தரட்டும். நாளை அது யாருக்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்!

மென்பொருள் பற்றித் தனியாகக் கேளுங்கள். டிசிடி, சிவிடி இரண்டிலும் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும் என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. தயாரிப்பாளர் அந்த நிரலை அவ்வப்போது திருத்தி அனுப்புகிறார். வெஸல் கதையில் பார்த்ததுபோல, இரும்பில் கை வைக்காமலே சரியாகும் கோளாறுகள் உண்டு.

டெக்னீஷியனை உடன் அழைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டும் உரிமையையும் கேளுங்கள். தாப்பா வரை வரமாட்டார்கள். சிம்பாங் பூலாய் ஏற்றம் ஈப்போவுக்குப் பக்கம்தான்.

வாரண்டி இருக்கிறதே, பிறகு என்ன கவலை?

வாரண்டி நூலில் ஒரு பக்கத்தைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. “கடினப் பயன்பாடு” என்று ஓர் அட்டவணை இருக்கும்: மலைப்பாதை, தூசு, அடிக்கடி நின்று நகரும் ஓட்டம், அதிகச் சுமை. இவற்றில் ஓடும் கார்களுக்குக் கியர் எண்ணெய் மாற்ற வேண்டிய தூரம் குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கும். கேமரன் மலையில் குடியிருப்பவர் கார் இந்த அட்டவணையில்தான் சேரும். கோலாலம்பூர்க்காரர் அட்டவணைப்படி நீங்கள் எண்ணெய் மாற்றினால், பின்னொரு நாள் “பராமரிப்புச் சரியில்லை” என்று கையை விரிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். அடுத்த சர்வீஸில் “நான் மலையில் இருக்கிறேன்” என்று சொல்லி, அதையும் தாளில் எழுத வையுங்கள். எண்ணெயும் அந்தக் கியர்பாக்ஸுக்குக் குறிப்பிட்ட வகையே ஊற்றப்பட வேண்டும். சிவிடிக்கு வேறு வகை எண்ணெய் ஊற்றினால் புதுக் கியர்பாக்ஸும் பிழைக்காது.

வாரண்டிக் காலத்தில் வெளி ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். அங்குள்ள தவுக்கே (முதலாளி) எவ்வளவு நல்ல கைக்காரராக இருந்தாலும் சரி.

நடுவழியில் இழுவை போனால்?

பல கார்கள் கோளாறு கண்டதும் தற்காப்பு நிலைக்குப் போகும் (ஒரே கியரில் பூட்டிக்கொண்டு மெதுவாக மட்டும் ஓடும்). அந்த நிலையில் மேலே ஏற முயலாதீர்கள். ஆபத்து விளக்கைப் போட்டு, வளைவு இல்லாத இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள். தாப்பாச் சாலையில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிப் பக்கம் கடைகளும் நிறுத்த இடமும் உண்டு. சூடு எச்சரிக்கை என்றால் பி-யில் போட்டு என்ஜினை ஓடவிடுங்கள். எண்ணெய் சுழன்றால்தான் குளிரும். புத்தகம் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள். இழுத்துப் போவதென்றால் நான்கு சக்கரமும் தரையில் படாத தட்டு லோரி கேளுங்கள், முக்கியமாக நான்கு சக்கர இழுவை எஸ்யூவிக்கு. காப்புறுதி தரும் இலவச இழுவைக்குத் தூர வரம்பு இருக்கும். அது ஈப்போ வரை எட்டுமா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

மூன்று முறை கொடுத்தும் சரியாகவில்லை. சட்டம் என் பக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது: அதன் வேலைக்குப் பொருந்த வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். விலையையும் கணக்கில் எடுத்தே இதை அளப்பார்கள். இந்த உத்தரவாதம் வாரண்டி அட்டையைச் சார்ந்ததில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதைப் பறிக்க முடியாது.

குறை சரிசெய்யக் கூடியது என்றால் முதலில் விற்றவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் சரிசெய்யாவிட்டாலோ, குறை பெரிய அளவினது என்றாலோ, பொருளை நிராகரிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் நாள் கடத்தினால் அந்த உரிமை நழுவும். ஆகவே முதல் புகாரிலிருந்தே தேதிகள் தாளில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. இங்கே அந்தச் சலுகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் என்று எண்ணியே தாள்களைச் சேருங்கள்.

நீதிமன்றம் போக வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். இரு தரப்பிலும் வழக்கறிஞர் கிடையாது; நிறுவனம் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். கோரிக்கையின் உச்ச வரம்பு 50,000 ரிங்கிட். சிக்கல் உண்டான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம்.

என் எஸ்யூவி லட்சம் ரிங்கிட் ஆயிற்றே என்பீர்கள். பழுதுச் செலவு, மாற்றுக் கார் வாடகை, இழுவைச் செலவு ஆகியவற்றைக் கேட்டால் பெரும்பாலும் வரம்புக்குள் அடங்கும். மேற்பட்ட தொகையை விட்டுக்கொடுத்தும் மனுச் செய்யலாம். முழுப் பணத்தையும் திரும்பக் கேட்பதென்றால் சிவில் நீதிமன்றம்தான். அதற்கு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள். மனு எழுதுவதில் தயக்கம் இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழிலேயே அணுகலாம்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் “கார் சரியாகும் வரை தவணை கட்டமாட்டேன்” என்று வங்கியிடம் மல்லுக்கட்டுவது. வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடன் முடியும் வரை காரின் உடைமை வங்கியிடம். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் அறிவிப்பு அனுப்பிக் காரை இழுத்துப்போகும் நடவடிக்கையைத் தொடங்க வங்கிக்கு வழி திறந்துவிடும். வங்கிக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பில்லை. கார் போய்விட்டால், சோதித்துக் காட்ட உங்கள் கையில் கியர்பாக்ஸே இருக்காது. தவணையைக் கட்டிக்கொண்டே, அந்த ரசீதுகளையும் ஜாப் ஷீட் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.